இடதுபக்கம் யாருமே இல்ல

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2023 ஏப்ரலில் என் அப்பாவின் ஹெவி லைசன்ஸைப் புதுப்பிக்க ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பியது நான்தான். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வராது. எனக்கு அதுதான் தொழில். உடல்தகுதி பற்றிய சுயஉறுதிமொழி வந்தது. வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் உண்டா, கை கால் அசைவில் குறை உண்டா, ராத்திரியில் கண் தெரியாதா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் ஒரு பொதுக் கேள்வி: நீங்கள் வண்டி ஓட்டுவதால் பொதுமக்களுக்கு ஆபத்து வரக்கூடிய வேறு ஏதாவது நோயோ குறைபாடோ உண்டா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நான் ‘இல்லை’ என்று அழுத்தினேன். அப்பா என் பின்னால் நின்றுகொண்டு, “எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டுடு” என்றார். அவர் சொல்லாவிட்டாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

இதை எழுதுவது பாவமன்னிப்புக்காக இல்லை. தமிழ்நாட்டில் பக்கவாதமோ தலையில் அடியோ பட்டு மீண்ட டிரைவர் வீட்டில் இருக்கும் எந்தப் பிள்ளையும் இதைத்தான் செய்வான். பொய் சொல்வதைத் தவிர வேறு வழியே வைக்காத ஏற்பாடு இது. அந்த ஏற்பாட்டோடுதான் எனக்குச் சண்டை. அதைத் தாங்கிப் பிடிக்கும் நம்முடைய ஒரு கேள்வியோடும் சண்டை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்க்க வரும் எல்லோரும் கேட்கும் கேள்வி அது: “கை காலு வந்துடுச்சுல்ல?”

வந்துடுச்சு. கை வந்துவிட்டது. கால் வந்துவிட்டது. வராத ஒன்று இருந்தது. அதைக் கேட்கத்தான் யாருமில்லை.

*

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி பக்கம். ஆந்திர எல்லை கிட்டே என்பதால் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் டிரெய்லர் ஓட்டியவர். சிப்காட்டிலிருந்து சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி, சில நாள் எல்லை தாண்டி ஸ்ரீசிட்டி. இந்தப் பக்கம் வந்திருந்தால் உங்களுக்குத் தெரியும்: செங்குன்றம் தாண்டி, காரனோடை, தச்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் செக்போஸ்ட், ஆரம்பாக்கம் என்று நீளும் கொல்கத்தா நெடுஞ்சாலை. ஒரு பக்கம் இரும்பு உருட்டும் ஆலைகள். உள்ளே தள்ளி தேர்வாய்கண்டிகையில் இன்னொரு சிப்காட். ஷிப்ட் விடும் நேரத்தில் டூவீலரும் சைக்கிளும் கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னரும் ஒரே ரோட்டில் நெருக்கியடிக்கும். இந்த ரோட்டில் பிழைப்பது என்பது இடது கண்ணாடியை நொடிக்கு நொடி பார்ப்பதுதான். ஏனென்றால் நம் ஊரில் பலவீனமானவர்கள் எல்லோரும் இடதுபக்கம்தான் போகிறார்கள். நடப்பவர், சைக்கிள்காரர், எக்ஸ்எல்லில் கீரைக்கட்டு வைத்துப் போகிறவர், எல்லோரும்.

2022 டிசம்பரில் ஒரு விடியற்காலை நைனாவுக்கு வாய் கோணியது. இடது கை துவண்டது. அம்மா உடனே 108-க்குப் போன் செய்தாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். போட்டார்கள். சென்னையில் ஓர் அரசு மருத்துவமனை, ஒரு பைசா செலவில்லை. அந்த டாக்டர்களைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேசமாட்டேன். ஒன்பதாம் நாள் நைனா நடந்து வீட்டுக்கு வந்தார். இரண்டு மாதத்தில் இடது கைப்பிடி திரும்பியது. பிசியோதெரபி செய்தவர் கையைக் குலுக்கிவிட்டு, “சூப்பர் ரெக்கவரி அண்ணே” என்றார்.

டிஸ்சார்ஜ் தாளில் எல்லாம் இருந்தது. பிரஷர் மாத்திரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை, உப்புக் குறைக்கணும், பீடி விடணும், எப்போது திரும்ப வரணும் என்று எல்லாம். தொழில் என்ற இடத்தில் டிரைவர் என்று எழுதியும் இருந்தது. வண்டி ஓட்டலாமா கூடாதா, எப்போதிலிருந்து, யாரிடம் கேட்டுவிட்டு என்று ஒரு வரி இல்லை.

வீட்டில் சில சின்ன விஷயங்கள் நடந்தன. தட்டில் இடதுபக்கம் வைத்த பொரியல் அப்படியே கிடக்கும். அம்மா, “பிடிக்கலன்னா சொல்லேன்யா” என்பாள். தட்டைத் திருப்பி வைத்தால் சாப்பிட்டுவிடுவார். ஷேவ் பண்ணும்போது இடது கன்னத்தில் ஒரு திட்டு விட்டுப்போகும். கதவுநிலையில் இடது தோளை இடித்துக்கொள்வார். இடதுபக்கம் நின்று பேசினால் பதில் வராது; காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தோம். தோசையை வலது பாதி மட்டும் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. டாக்டர்கள் ‘நெக்லெக்ட்’ என்பார்கள், புறக்கணிப்பு. மூளையின் வலதுபக்கம் அடிபட்டவர்களுக்கு வரும். கண்ணில் கோளாறு இல்லை. கண் பார்க்கிறது. ஆனால் உலகத்துக்கு இடதுபக்கம் என்று ஒன்று உண்டு என்பதையே மூளை கணக்கில் எடுப்பதில்லை. இருட்டாகத் தெரியாது, மங்கலாகத் தெரியாது. இல்லாமலே போய்விடும். இல்லாத ஒன்றை யாராவது தேடுவார்களா? அதனால்தான் அவருக்குத் தனக்குக் குறை இருப்பதே தெரியாது.

2023 ஜூனில், ஒரு விடியற்காலையில், நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியை, ஹைவேயிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இடதுபுறம் திரும்பும்போது நைனாவின் டிரெய்லர் தட்டிவிட்டது. 24 வயசுப் பையன். உயிர் தப்பியது. இடது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. ஸ்டேஷனில் நைனா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: “நான் பாத்துட்டுத்தான் திருப்புனேன். இடதுபக்கம் யாருமே இல்ல.”

அவர் பொய் சொல்லவில்லை.

எஃப்ஐஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று இருந்தது. நடக்கிற வேகத்தில் திரும்பிய வண்டி அது. நம்மிடம் வேறு வார்த்தை இல்லை. விபத்து என்றால் வேகம், இல்லையென்றால் குடி, இல்லையென்றால் தூக்கம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வருஷா வருஷம் வெளியிடும் அறிக்கையில் விபத்துக்குக் காரணமான விதிமீறல்களை வரிசைப்படுத்துவார்கள்: அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுதல், தவறான பக்கம், சிக்னல் மீறல், செல்போன், அப்புறம் ‘பிற’. 2022-ல் நாடு முழுக்க 1,68,491 பேர் செத்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்து, 17,884 சாவு. இதில் எத்தனை, மீண்டுவிட்டதாக நாம் நினைத்த மூளைகளால் நடந்தது? அதற்கென்று ஒரு கட்டமே இல்லை. கட்டம் இல்லாததை யாரும் எண்ணமாட்டார்கள், எண்ணாததற்கு யாரும் பணம் ஒதுக்கமாட்டார்கள். சாஃப்ட்வேர் வேலையில் நான் கற்ற முதல் பாடம் இது.

*

சரி, சட்டம் என்ன சொல்கிறது? சட்டமே இல்லை என்று சொல்லமுடியாது. இருக்கிறது. படித்தால்தான் கோபம் வருகிறது.

கனரக வாகன லைசன்ஸுக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும், படிவம் 1ஏ. லைசன்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் கண்ணைப் பற்றிக் கேட்கிறார்கள்: பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா. காதைக் கேட்கிறார்கள். அங்கக்குறையைக் கேட்கிறார்கள். கடைசியில் டாக்டர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போடவேண்டும். எதையெல்லாம் தனிக்கவனத்தோடு பார்த்தேன் என்று அதில் சொல்கிறார்: தூரப்பார்வை, கேட்கும் திறன், கைகள், கால்கள், மூட்டுகள். அந்த வரியில் மூளை இல்லை.

‘கை காலு வந்துடுச்சுல்ல?’ என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டதைத்தான் அரசாங்கமும் படிவம் அடித்துக் கேட்கிறது.

நைனா அந்தச் சோதனையில் நேர்மையாகவே தேறியிருப்பார். நம்பர் பிளேட்டை நேராகப் பார்த்துப் படித்துவிடுவார். பாதிப் பார்வைப்புலம் போன ஆட்களாலும் அதைப் படிக்கமுடியும். பார்வைக் கூர்மை வேறு, பார்வைப் பரப்பு வேறு. நடைமுறையில் அந்தச் சோதனைகூட நடக்கவில்லை என்பது தனிக்கதை. ஓர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு கிளினிக், வாசலில் ஒரு புரோக்கர், உள்ளே இரண்டு நிமிஷம், ஒரு கையெழுத்து. உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஊழலைத் திட்டிவிட்டு இதை முடித்துக்கொள்ள நான் தயாரில்லை. அந்த டாக்டர் காந்தியாகவே இருந்து, படிவத்தில் உள்ள அத்தனையையும் ஒன்றுவிடாமல் சோதித்திருந்தாலும் நைனாவுக்கு ‘தகுதி’ என்றுதான் எழுதியிருப்பார். லஞ்சம் இல்லாமலும் தோற்கும் படிவம் அது.

அடுத்தது 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆவது பிரிவு. தனக்கு நோயோ குறைபாடோ இருப்பது தெரிந்தே, பொதுமக்களுக்கு ஆபத்தாக வண்டி ஓட்டினால் அபராதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை ஆயிரம் ரூபாய் வரை, அடுத்தடுத்து இரண்டாயிரம் வரை. ‘தெரிந்தே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்த நோயின் இயல்பே நோயாளிக்கு அது தெரியாமல் இருப்பது. தெரிந்தவனைத் தண்டிக்கும் சட்டம் தெரியாதவனிடம் என்ன செய்யும்? தெரிந்தவர்கள் இருந்தார்கள். பொரியலைப் பார்த்த அம்மா, தோசையைப் பார்த்துச் சிரித்த நான். எங்களை எந்தப் பிரிவும் தொடாது.

பிறகு 16-ஆவது பிரிவு. நோயால் ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், லைசன்ஸ் அதிகாரி எப்போது வேண்டுமானாலும் லைசன்ஸை ரத்து செய்யலாம், அல்லது மருத்துவச் சான்றிதழ் கேட்கலாம். நல்ல அதிகாரம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் ஆர்டிஓ ஆபீசுக்கும் நடுவில் பேச்சுவார்த்தையே இல்லாத ஊரில் அந்த அதிகாரிக்குக் காரணம் எங்கிருந்து வரும்? வந்தாலும் அவர் கையில் இருக்கும் சான்றிதழ் மறுபடியும் அதே கை கால் மூட்டுதான்.

*

“இதெல்லாம் வெளிநாட்டுல நடக்கும், நம்ம ஊருக்கு ஆகுமா” என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். வெளிநாட்டுக்கு அப்புறம் போவோம். கவரைப்பேட்டையில் ஹைவேயிலிருந்து கொஞ்சம் கிழக்கே பாருங்கள். ரயில் பாதை.

இந்த ரோட்டுக்குக் கிட்டத்தட்ட இணையாகவே கும்மிடிப்பூண்டி லோக்கல் ஓடுகிறது. அதை ஓட்டுபவருக்கு ரயில்வே குறிப்பிட்ட கால இடைவெளியில் மருத்துவச் சோதனை வைக்கிறது. வயது ஏற ஏற அந்த இடைவெளி குறையும். பெரிய நோய் வந்து லீவில் போனால், ரயில்வே டாக்டர் ‘ஃபிட்’ என்று எழுதாமல் வண்டியில் ஏறமுடியாது. ‘அன்ஃபிட்’ என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை, வேறு வேலைக்கு மாற்றுகிறார்கள். இது லண்டன் இல்லை, இது நம் தண்டவாளம். இருபது டன் சரக்கோடு போகும் டிரெய்லருக்குத் தண்டவாளமும் கிடையாது, சிக்னல்மேனும் கிடையாது. அதை ஓட்டுபவரின் மூளைக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

அதே ரோட்டில் அரசு பஸ்ஸும் ஓடுகிறது. 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமடையும் அரசு நிறுவன ஊழியரை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அந்த வேலைக்கு முடியாமல் போனால் அதே சம்பளத்தில் வேறு வேலை, அதுவும் இல்லாவிட்டால் பதவி ஒன்றை உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். ஆக, பஸ் டிரைவருக்குப் பக்கவாதம் வந்தால் சட்டம் பக்கத்தில் நிற்கும். கோர்ட்டுக்கு அலையவேண்டி வரலாம், ஆனாலும் நிற்கும். அந்தப் பஸ்ஸை ஓவர்டேக் செய்து போகும் டிரெய்லர் டிரைவருக்கு முதலாளி சொல்வது: “உடம்ப பாத்துக்கோண்ணே, சரியானதும் வா.” சரியாகும்வரை டிரிப் இல்லை. டிரிப் இல்லையென்றால் பேட்டா இல்லை.

இஎஸ்ஐ இருக்கிறதே என்பீர்கள். இருப்பவர்களுக்கு இருக்கிறது. நோய்க்கால உதவி 70 சதவீதக் கூலி, 91 நாள். நீண்ட கால நோய்கள் பட்டியலில் பக்கவாதமும் உண்டு. அதற்கு 80 சதவீதம், இரண்டு வருஷம் வரைகூட நீட்டிக்கலாம். நல்ல திட்டம். ஆனால் டிரிப்புக்கு இவ்வளவு என்று கையில் வாங்கும் டிரைவரின் பெயர் எந்தக் கம்பெனியின் பதிவேட்டிலும் இருப்பதில்லை. நைனாவின் பெயர் இருபத்தைந்து வருஷத்தில் ஒருமுறைகூட ஏறவில்லை.

இப்போது சொல்லுங்கள். அந்தப் படிவத்தில் ‘ஆம்’ என்று அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததுதான் பயம். ‘ஆம்’ என்பதற்குப் பின்னால் ஒரு சோதனை, ஒரு பயிற்சி, அதுவரை சோறு என்று ஒரு பாதை இருந்திருந்தால் அழுத்தியிருப்பேன். எங்கள் பாஷையில் சொன்னால், கேள்வியை வைத்துவிட்டு ஒரு பதிலுக்கு மட்டும்தான் கோடு எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒரு ஸ்கிரீனை நான் செய்து கொடுத்தால் என் டெஸ்டர் முகத்தில் விட்டெறிவான்.

*

இதை ஃபேஸ்புக்கில் சுருக்கமாக எழுதியபோது நாலு விதமான பதில் வந்தது. நாலுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று: “எங்க பெரியப்பாவும் ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் பத்து வருஷமா ஓட்டறார், ஒண்ணும் ஆகல.” மகிழ்ச்சி. ஓட்டக்கூடிய ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். ஒரு பக்கவாதம் மாதிரி இன்னொன்று இருக்காது. ஒருவருக்குப் பேச்சு போகும், பார்வை இருக்கும். ஒருவருக்கு எல்லாம் இருக்கும், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க முடியாது. ஒருவருக்கு பிரேக் மிதிக்க ஒரு வினாடி கூடுதலாக ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடி என்றால் கிட்டத்தட்ட 17 மீட்டர். நாற்பதடி கன்டெய்னரின் நீளமே 12 மீட்டர்தான். உங்கள் பெரியப்பா எந்த ரகம் என்று சோதித்துத் தெரிந்துகொண்டீர்களா, இல்லை ஒன்றும் ஆகாததை வைத்து முடிவு செய்தீர்களா? நைனாவும் திரும்பிப் போய் இரண்டு மாதம் ‘ஒண்ணும் ஆகாமல்’தான் ஓட்டினார்.

இரண்டு: “மூளை அடிபட்டவன் வண்டியே தொடக்கூடாது. லைசன்ஸைப் பிடுங்கணும்.” இது ரொம்பப் பொறுப்பான பேச்சு மாதிரி இருக்கும். உண்மையில் இதுதான் ஆபத்து. பிடுங்குவார்கள் என்று தெரிந்தால் யார் ஆஸ்பத்திரிக்கு வருவான்? கை மரத்துப் போனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வண்டியில் ஏறுவான். 2014 டிசம்பர் 22 அன்று கிளாஸ்கோவில் நகராட்சிக் குப்பை லாரி ஒன்று, டிரைவர் நினைவிழந்து, நடைபாதையில் ஏறி ஆறு பேரைக் கொன்றது. விசாரணையில் அவருக்கு முன்பே மயக்கம் வந்திருந்ததும், அதை அவர் மறைத்ததும் தெரியவந்தது. பிரிட்டனில் விதி இல்லாமல் இல்லை. பக்கவாதம் வந்தால் கார் ஓட்டுபவர் ஒரு மாதம் ஓட்டக்கூடாது, லாரி பஸ் ஓட்டுபவர் ஒரு வருஷம். ஆஸ்திரேலியாவில் நாலு வாரம், தொழில்முறை டிரைவருக்கு மூன்று மாதம். கனடாவின் ஒன்டாரியோவில் டாக்டரே அரசுக்குச் சொல்லியாக வேண்டும். விதி தேவைதான். ஆனால் உண்மை சொன்னால் வேலை போகும் என்ற இடத்தில் எந்த விதியும் பாதிதான் வேலை செய்யும். கிளாஸ்கோவிலேயே அப்படி என்றால் கும்மிடிப்பூண்டியில்?

மூன்று: “ப்ரோ, இன்னும் பத்து வருஷத்துல எல்லாம் தானியங்கி வண்டி.” இதைச் சொன்னது என் ஆபீஸ் நண்பன். ஓஎம்ஆரில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு பத்து வருஷம் காத்திருக்கலாம். நான் ஓட்டும் காரில் குறுக்கே ஆள் வந்தால் சத்தம் போடும் கருவி இருக்கிறது. நைனாவின் டிரெய்லரில் இடது கண்ணாடி விரிசல் விட்டு, மேலே செல்லோ டேப் ஒட்டியிருந்தது.

நான்கு, இதுதான் என்னைத் தூங்கவிடாதது: “ஏழை டிரைவர் வயித்துல அடிக்கறீங்களா?” என் வயிறும் அந்தச் சோற்றில் வளர்ந்ததுதான். அந்த ஸ்டீயரிங்தான் எனக்கு இன்ஜினியரிங் பீஸ் கட்டியது. ஆனால் அந்த விடியற்காலையில் ரோட்டில் விழுந்தவன் யார்? கம்பெனி முதலாளியா? கான்ட்ராக்ட் கூலி. இந்தச் சாலையில் ஏழையை இடிப்பது பெரும்பாலும் இன்னொரு ஏழைதான். சோதனை இல்லாமல் ஓட்டவிடுவதை ஏழைக்குக் காட்டும் இரக்கம் என்று சொல்லாதீர்கள். அது முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் செலவை மிச்சம் பண்ணுகிற இரக்கம். மாற்று வேலை தர வேண்டாம், காத்திருப்புக் கூலி தர வேண்டாம். ‘பாவம், ஓட்டட்டும்.’

*

சோதனைக்கு என்ன செலவு ஆகும் தெரியுமா? விபத்துக்குப் பிறகு நைனாவை ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அழைத்துப் போனேன். அந்தம்மா ஒரு தாளை மேஜையில் வைத்தார். தாள் முழுக்க நட்சத்திரங்கள். “சின்ன நட்சத்திரத்தை எல்லாம் அடிச்சுட்டு வாங்க, ஐயா” என்றார். நைனா பொறுமையாக ஒவ்வொன்றாக அடித்தார். வலதுபக்கம் முழுக்க, நடுவில் கொஞ்சம். பென்சிலைக் கீழே வைத்தார். “முடிஞ்சுதும்மா.” இடதுபக்கத்தில் ஒன்றுகூடத் தொடப்படவில்லை. பத்து நிமிஷம், ஒரு தாள், ஒரு பென்சில். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏப்ரலில் இந்தத் தாளை யாராவது வைத்திருந்தால்!

இதற்கு அடுத்த படி எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்கும் சோதனை. கவனம் எவ்வளவு வேகமாகத் தாவுகிறது என்று அது சொல்லும். பார்வைப் பரப்புக்கு எந்தக் கண் மருத்துவப் பிரிவிலும் கருவி உண்டு. கடைசியில் ரோட்டில் ஓட்டிக்காட்ட வேண்டும். பக்கத்தில் பிரேக்கோடு இன்னொருவர் உட்கார வேண்டும். சிங்கப்பூரில் டான் டோக் செங் மருத்துவமனையில் இப்படி ஓட்டுநர் மதிப்பீட்டுக்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. நம்மிடம் அந்த இரண்டாவது பிரேக் இல்லையா? தெருவுக்குத் தெரு ‘எல்’ போர்டு மாட்டி ஓடும் டிரைவிங் ஸ்கூல் கார் எல்லாவற்றிலும் இருக்கிறது. விதியே அப்படித்தான். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நல வாரியமே இருக்கிறது. துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது, ஒட்டத்தான் ஆளில்லை.

மறுவாழ்வு மருத்துவம் தமிழ்நாட்டுக்குப் புதிது என்று யாரும் சொல்லவேண்டாம். 1954-ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சிஎம்சியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அந்தத் துறையை அங்கே கட்டினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையமே எழுந்தது. அவர் ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்று எங்கேயும் டிக் அடிக்கவில்லை. எது முடியும், எது முடியாது என்று அளந்தார். முடிவதை வைத்து வேலையை மாற்றிக்கொண்டார். மறுவாழ்வு என்ற சொல்லுக்கு நான் புரிந்துகொள்ளும் அர்த்தம் இதுதான்.

ஆகவே நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, மூளை சம்பந்தப்பட்ட எந்த டிஸ்சார்ஜ் தாளிலும் வண்டி ஓட்டுவது பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: இவ்வளவு நாள் கூடாது, அதன்பிறகு இன்ன இடத்தில் சோதனை. டூவீலருக்கும் சேர்த்துத்தான், நம் ஊரில் வண்டி என்றால் பாதிப்பேருக்கு அதுதான். இரண்டு, மாவட்டத்துக்கு ஓர் இடத்தில், அரசு மருத்துவமனையும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து, இலவசச் சோதனை. தேறாதவருக்குப் பயிற்சி, பிறகு மறுசோதனை. ஒரே நாளில் தீர்ப்பு கூடாது, ஏனென்றால் மூளை மாதக்கணக்கில் மீள்கிறது. மூன்று, அந்தக் காத்திருப்புக் காலத்துக்கு நல வாரியத்திலிருந்து கூலி. தேறவே முடியாதவருக்கு யார்டிலோ, கேட்டிலோ, புது டிரைவர்களுக்குச் சொல்லித்தருவதிலோ ஒரு வேலை. சிப்காட்டுக்கு நிலம் கொடுக்கும்போதும் சலுகை கொடுக்கும்போதும் அரசு நூறு நிபந்தனை போடுகிறது. இது நூற்றியொன்றாவதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டைக் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் என்னை மாதிரிப் பிள்ளைகள் இன்னும் சாமர்த்தியமாகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்வார்கள்.

*

நைனா இப்போது டிரெய்லர் ஓட்டுவதில்லை. தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி, மேஜையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அந்தச் சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்பப் பழகியிருக்கிறார். பொரியல் இப்போது மிச்சமாவதில்லை. ஒரு கன்டெய்னர் யார்டில் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறார். சம்பளம் பாதிக்கும் கீழே. “ஸ்டீயரிங்க புடிச்ச கையில பேனாவக் குடுத்துட்டீங்களேடா” என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அந்தப் பையனை மூன்று தடவை போய்ப் பார்த்தேன். இன்சூரன்ஸ் வழக்கு நடக்கிறது. காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வலிக்கிறது என்றான். என்மேல் கோபப்படவில்லை. இரண்டாவது தடவை போனபோது ஒன்று மட்டும் கேட்டான்: “அண்ணே, கண்ணாடில அவரு மூஞ்சி எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அவரும் கண்ணாடியத்தான் பாத்தாரு. என்னைப் பாத்தாரா, இல்லையாண்ணே?”

அன்றைக்கு மழுப்பிவிட்டு வந்தேன். அவனுக்கு எழுதும் பதில்தான் இது. தம்பி, அவர் உன்னைப் பார்க்கவில்லை. அவருக்கு இடதுபக்கம் தெரியவில்லை என்பது எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில் தினமும் தெரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தவன் நான். பார்த்துவிட்டுத்தான் ‘இல்லை’ என்று அழுத்தினேன்.